கழுவி வைத்த ஆறு

ரமணி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வீட்டைக் கூட்டாமல் விருந்தாளியை உள்ளே விட்டாள். அன்று அவள் வாசலில் நின்று பட்ட வேதனையைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குகிறார்கள்.

ஆயர் ஈத்தாமில், மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டி நிற்கிற பழைய அடுக்குமாடியின் தரைத்தளத்தில் அவள் வீடு. சின்ன வீடுதான். ஆனால் அந்தத் தரையில் முகம் பார்க்கலாம். கேஸ் கொண்டுவரும் ஆள் வருகிறான் என்றாலும் வாசலைக் கழுவி விட்டுத்தான் கதவைத் திறப்பாள். பக்கத்து வீட்டு ஷஹீதா, மாடிப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கியபடியே அவளைக் கேலி செய்வாள்.

"இவ வீட்டுக்குத் திருடன் வந்தாக்கூட, 'செத்த இருப்பா, கூட்டிட்டு கதவைத் திறக்கிறேன்'னு சொல்லுவா."

"ஆமாடி, திருடன் போய் வெளியில சொல்லுவான்ல, ரமணி வீடு குப்பைன்னு!" என்று இவளும் விடமாட்டாள்.

தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் ரமணி. மின்னணுத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பத்தொன்பது வயதில் பெர்ரி ஏறித் தீவுக்கு வந்தாள். ஆயர் ஈத்தாமில் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டு, நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைக் கண்ணாடிக்குள் பார்த்துப் பற்றவைத்தாள். தொழிற்சாலையில் தூசிக்கு இடமே கிடையாது. தலைக்கு உறை, காலுக்கு உறை. அந்தச் சுத்தம்தான் அவள் கையில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ!

லீவு நாளில் பட்டணத்துக்குப் போக, பெர்ரி நிற்கும் ஜெட்டி வரை போகும் பஸ்ஸைப் பிடிப்பாள். அந்த பஸ்ஸை ஓட்டியவர் அய்யாக்கண்ணு. காக்கிச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, அதிகம் பேசாத வாய். அவள் சந்திலிருந்து ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால், பஸ் அசையாது. உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

"என்னாப்பா, ஏன் நிக்குது? பாசாருக்கு நேரமாச்சு!"

"இன்ஜின் சூடாவணும்ணே," என்பார் அய்யாக்கண்ணு. நண்பகல் வெயிலில்!

சூடானது இன்ஜின் மட்டுமா? அடுத்த வருஷமே கல்யாணம் ஆனது. கோகுலன் பிறந்த வருஷத்தில் இந்த வீடு கிடைத்தது. தரைத்தளம் கிடைத்ததே என்று மற்றவர்கள் பரிதாபப்பட்டபோது ரமணி மட்டும் பூரித்துப் போனாள். ஏனென்றால் பின்கதவைத் திறந்தால் ஆறு.

அப்போது அது எப்படி இருந்தது என்று சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்? மலையிலிருந்து இறங்கிவரும் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும். இரவு வேலை முடிந்து காலையில் வந்து இறங்கும் ரமணி, வீட்டுக்குள் போவதற்கு முன் அந்தத் தண்ணீரில் கணுக்கால் வரை நிற்பாள். இரவெல்லாம் உறைக்குள் வெந்த கால் குளிரும்போது, கண் தானாக மூடிக்கொள்ளும். அய்யாக்கண்ணு கரையில் ஒரு பாறையில் குந்தியபடி பசியாறிக் கொண்டிருப்பார். ஷஹீதா அந்தப் பக்கம் துணி அலசுவாள். அவள் மகன் சாஹித்தும் கோகுலனும் அரைக்கால் சட்டை நனைய நனைய மீன் பிடிப்பார்கள். பிடித்த மீனை மைலோ டின்னில் போட்டு, யார் மீன் பெரியது என்று சண்டை போட்டு, கடைசியில் ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவார்கள். சாயங்காலம் ஆனால் அடுக்குமாடிப் பெண்கள் எல்லாரும் கரையில்தான். ஷஹீதா கொண்டுவரும் சமோசா, ரமணி கொண்டுவரும் சுண்டல், மூன்றாம் மாடிச் சீன அம்மாள் கொண்டுவரும் ஆரஞ்சு. சிரிப்பு மட்டும் யார் கொண்டு வந்ததென்று தெரியாது. அது ஆற்றிலேயே கிடந்தது.

அந்தச் சிரிப்பைத்தான் முதலில் ஆறு அடித்துக்கொண்டு போனது.

மேலே பட்டறைகள் வந்தன. மீ என்கிற நூடுல்ஸ் தயாரிக்கும் கொட்டகை வந்தது. சாப்பாட்டுக் கடைகள் ஒன்று பத்தானது. கார், லோரி என்று காடி கழுவும் இடம் வந்தது. எல்லாக் கழிவுக்கும் வழி ஒன்றுதான், பின்னால் ஓடும் லோங்காங். அந்தச் சாக்கடைக்குப் போகுமிடமும் ஒன்றுதான், ஆறு. முதலில் மீன் போயிற்று. பிறகு கூழாங்கல் மறைந்தது. பிறகு அந்த நாற்றம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து கடைகளில் சட்டி கழுவுகிற சமயம் பார்த்து, அழுகிய முட்டையும் பழைய எண்ணெயும் கலந்த ஒரு நெடி எழும்பி வந்து தொண்டையைப் பிடிக்கும். மேல்மாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். வசதி வந்தவர்கள் வீடு மாறினார்கள். ஆரஞ்சு கொண்டுவந்த அம்மாளும் மகளோடு போய்விட்டாள். போக இடமில்லாதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள்.

புகார் செய்யாமல் இல்லை. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. ஒரு மேசையில் இருந்த ஆள், "ஊர் பேருக்கே மலாய்ல கறுப்புத் தண்ணின்னுதானே அர்த்தம்? அப்புறம் கறுப்பா இல்லாம எப்படி இருக்கும்?" என்று சிரித்தாராம். ரமணி அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அய்யாக்கண்ணு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். காலமெல்லாம் பஸ் புகையைக் குடித்த நெஞ்சு அது. இப்போது ஆற்றின் நெடியும் சேர்ந்துகொள்ள, மத்தியானம் ஆனால் மூச்சு இழுக்கத் தொடங்கியது. மருந்தை ஆவியாக்கித் தரும் கருவியை முகத்தில் வைத்துக்கொண்டு அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது, ரமணி முதுகைத் தடவிக்கொண்டே நிற்பாள்.

பாயான் பாருவில் சொந்த வீடு வாங்கியிருந்த கோகுலன் ஒருநாள் வந்து முடிவாகச் சொன்னான்.

"அம்மா, போதும்மா. டாக்டரும் இடத்த மாத்துங்கன்னு சொல்லிட்டாரு. தீபாவளிய நம்ம வீட்டுல கொண்டாடுவோம். அதுக்குள்ள வந்துருங்க."

"இது யாரு வீடாம்?"

"இது வீடும்மா. இல்லேன்னு சொல்லல. ஆனா அப்பாவுக்கு மூச்சு வேணும்ல?"

ரமணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். தாலி கட்டியவரின் மூச்சு ஒரு பக்கம். தன் வாழ்வு முழுவதும் ஓடிய ஆறு ஒரு பக்கம். ஒரு பெண்ணின் நெஞ்சை இதைவிடக் கொடூரமாக எப்படிக் கிழிப்பது?

அந்த வாரம்தான் குடியிருப்புச் சங்கத் தலைவர் தயாளன் கீழே கூட்டம் போட்டார். கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு மேடையில் பேசுவதுபோல் பேசுவது அவர் வழக்கம்.

"அதாவது, கவர்மெண்டு ஒரு கிராண்ட் குடுக்குது. அழுக்க ஒருத்தன் போடறான், நாத்தத்த இன்னொருத்தன் மூக்கு சுமக்குது. அந்த மூக்குக்காரனுக்கு நியாயம் செய்யறதுக்குத்தான் இந்த மானியம். ஆத்த எப்படிச் சரி பண்றதுன்னு நாமளே முடிவு பண்ணலாம். எண்ணெய் தடுக்கிற தொட்டி, கரையில நாணல், தண்ணி சோதிக்கிற சாமான், எல்லாத்துக்கும் உண்டு. நாம கேட்டாச்சு. இனி அவங்க நேர்ல வந்து பாக்கணும். பாத்து, தகுதின்னு எழுதிட்டா முடிஞ்சிது."

ரமணி அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, ஒரு வாக்கு குடு. இந்த கிராண்ட் கிடைச்சா நாங்க இங்கேயேதான் இருப்போம். கிடைக்கலேன்னா, நானே துணிய மடிச்சி பெட்டியில வெக்கிறேன். ஒரு வார்த்த எதிர்த்துப் பேச மாட்டேன்."

"சரிம்மா," என்றான் கோகுலன்.

சனிக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அடுக்குமாடியே எழுந்து நின்றது. வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள். எப்படி வரவேற்பது? ரமணிக்குத் தெரிந்தது ஒரே வழிதான். துடைப்பத்தை எடுத்தாள்.

ஊர் கூடிச் செய்யும் துப்புரவு வேலை, கோத்தோங் ரோயோங், நடந்தது. ஆண்கள் முழங்கால் சேற்றில் இறங்கி பிளாஸ்டிக் பைகளை அள்ளினார்கள். பெண்கள் கரையைச் செதுக்கினார்கள். லோங்காங்கின் சுவரைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினார்கள். தயாளன் தெரிந்தவரிடம் சொல்லித் தண்ணீர் லோரி ஒன்றை வரவழைத்து, கரைப் பாறைகளைக்கூடப் பீய்ச்சிக் கழுவினார். அதோடு விட்டார்களா? ரமணியும் ஷஹீதாவும் மேலே போய், ஒவ்வொரு பட்டறையிலும் கடையிலும் கைகூப்பினார்கள். "அன்னிக்கு ஒருநாள் மட்டும் எதையும் ஊத்தாதீங்க அண்ணே. வீட்டுக்கு ஆளு வர்றாங்க." பாவம், அவர்களும் நல்லவர்கள்தான். ஒருவர் விடாமல் தலையாட்டினார்கள். ஷஹீதாவின் கணவர் மீரா சாகிப் தம் நாசி கண்டார் சோற்றுக் கடையையே அன்றைக்கு மூடிவிட்டார். முந்தைய இரவு மலையில் நல்ல மழையும் பெய்தது.

சனிக்கிழமை காலையில் ரமணி பின்கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூழாங்கல் தெரிந்தது!

"ஷஹீதா! ஏய் ஷஹீதா! ஓடியாடி!"

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிறுமிகளைப்போல் நின்றார்கள். பழைய ஆறு ஒரே ஒருநாள் பிறந்தகம் வந்த பெண்ணைப்போல அவர்களைப் பார்த்துச் சிரித்தது.

வாசலில் மாக்கோலம். தட்டில் கேசரி. ஜாடியில் ரோஜாப்பூ நிறத்தில் சர்பத். இருமல் சத்தம் விருந்தாளிகளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று அய்யாக்கண்ணுவைக்கூட நான்காம் மாடியில் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். போகும்போது அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னையும் கூட்டித் தள்ளிட்டியா?"

"ச்சீ, என்ன பேச்சு இது! ஒரு மணி நேரந்தாங்க."

அதிகாரிகள் வந்தார்கள். பெரியவர் ஒருவர், அவரோடு ஃபரா என்ற இளம்பெண். ஃபரா பட்டணத்துத் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. ரமணியை ஆண்ட்டி என்று வாய் நிறைய அழைத்தாள். பெரியவர் கரையில் நின்று, "பாகுஸ்! பாகுஸ்!" என்று பாராட்டினார். படம் எடுத்தார். கேசரியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். ஃபரா மட்டும் ஆற்றையும் கையில் இருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களின் காடி திருப்பத்தில் மறைந்ததும் அடுக்குமாடி முழுவதும் கைதட்டியது. தயாளன் துண்டை உதறித் தோளில் போட்டு, "முடிஞ்சிதுக்கா. இனி நம்ம ஆறு நமக்குத்தான்," என்றார்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஃபரா போனில் அழைத்தாள்.

"ஆண்ட்டி... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கிடைக்கல."

"ஏம்மா? என்ன கொறை வெச்சோம்?"

"கொறையே வெக்கலயே ஆண்ட்டி! அதான் பிரச்சன. இடம் ரொம்ப சுத்தமா இருக்கு, ஆறு நல்லா இருக்கு, மானியம் தேவையில்லன்னு எழுதிட்டாங்க. சுத்தமான குடியிருப்புன்னு உங்களுக்கு ஒரு சான்றிதழ் குடுக்கலாம்னு வேற சொல்றாங்க."

ரமணியின் கையிலிருந்து போன் நழுவியது. பின்கதவுக்கு வெளியே ஆறு பழையபடி கறுத்து, நுரைத்து, நாறிக்கொண்டு ஓடியது. உள்ளே அய்யாக்கண்ணு இருமினார். தன் கையாலேயே தன் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டோமே என்று அவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஷஹீதா ஓடிவந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"நானுந்தாண்டி கழுவினேன். நீ மட்டுமா கழுவினே?"

போனில் இன்னும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஷஹீதா எடுத்துக் காதில் வைத்தாள். மேல்முறையீடு செய்யலாம், சங்கம் சார்பில் கேளுங்கள், திரும்ப ஒருமுறை நானே வந்து பார்க்கிறேன் என்றாள் ஃபரா.

ரமணி போனைப் பறித்துக்கொண்டாள். "வரும்போது சொல்லிட்டு வாம்மா!"

"சொல்ல மாட்டேன் ஆண்ட்டி. சொன்னா நீங்க கூட்டிடுவீங்க."

வாக்கு வாக்குதான். பீரோவிலிருந்த நல்ல சேலைகளை ரமணி பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். கோகுலன் வெற்றுப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டான். மேல்முறையீட்டுக்குப் பதில் வரும்வரை பொறுப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டான்.

அடுத்து வந்த நாட்கள்! கூட்டாமல் இருப்பது இவ்வளவு பெரிய பாடா? காலையில் கண் விழித்ததும் ரமணியின் கை துடைப்பத்தைத் தேடியது. கரையில் ஒரு பை கிடந்தால் உடம்பெல்லாம் அரித்தது. ஷஹீதா அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் பூட்டி வைத்தாள்.

"குடுடி, வீட்டுக்குள்ள மட்டும் கூட்டிக்கிறேன்."

"நீயா? வீட்டுக்குள்ள ஆரம்பிப்ப, மலை உச்சியில போய் நிறுத்துவ. சும்மா உக்காரு."

தயாளனுக்கோ ஒரு யோசனை வந்தது. "அக்கா, அந்தப் பொண்ணு வர்ற நேரத்துக்கு ரெண்டு லோரி குப்பையக் கொண்டாந்து கரையில கொட்டிட்டா என்ன? கிராண்ட அள்ளிக்கிட்டு வந்து குடுத்துருவாங்கள்ல?"

ரமணியின் முகம் சிவந்துவிட்டது. "தம்பி, ஒருவாட்டி இல்லாத சுத்தத்தக் காட்டித்தான் இந்தக் கதி. இப்ப இல்லாத அழுக்கயும் காட்டணுமா? உள்ளத காட்டுவோம். அது போதும்."

தயாளன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஃபரா ஒரு மத்தியானம் வந்தாள். சட்டி கழுவும் நேரம். ஆறு தன் முழுக் கோலத்தில் இருந்தது. ரமணி சாயம் போன கைலியில், வாரப்படாத தலையோடு இருந்தாள். சமையல் பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. உள்ளே அய்யாக்கண்ணு கருவியை முகத்தில் பிடித்தபடி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவள் ஃபராவைப் பார்த்ததும் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கோலத்தையா அந்நியப் பெண் பார்ப்பது? இந்த வீட்டையா? இந்த நிலையில் இருக்கும் புருஷனையா?

"அஞ்சு நிமிஷம் குடும்மா. அஞ்சே நிமிஷம்!"

"ஆண்ட்டி, வேணாம் ஆண்ட்டி..."

"கூட்டிட்டு மட்டும் கூப்புடறேம்மா. உனக்குக் கோடிப் புண்ணியம்!"

கண்ணீர் மளமளவென்று இறங்கியது. கை மட்டும் நிலையை விடவில்லை. அப்போது உள்ளேயிருந்து அய்யாக்கண்ணுவின் குரல் இழுத்து இழுத்து வந்தது.

"ரமணி... விடு. என் பஸ்ஸுல... சேறு ஒட்டின காலோட ஏறினவனையும்... நான் எறக்கி விட்டதில்ல. ஏற விடு அந்தப் புள்ளய."

அவள் கை மெல்லத் தளர்ந்தது. ஃபரா செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டாத தரையில் நடந்து வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெடி தொண்டையைப் பிடிக்க, இருமினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அய்யாக்கண்ணு சிரித்தார்.

"பழகிடும்மா. ஆனா பழகக் கூடாது, பாரு. அதான் வம்பு."

மூச்சு சற்று அடங்கியதும் அவர் பேசினார். ரமணி வேலைவிட்டு வந்து தண்ணீரில் நின்றது, பிள்ளைகள் மைலோ டின்னுக்காக அடித்துக்கொண்டது, ஆரஞ்சு அம்மாள், சுண்டல், எல்லாம். ரமணிக்கே மறந்துபோனவற்றை அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அதிகம் பேசாத அந்த வாய் இத்தனையையும் எங்கே வைத்திருந்தது? ஃபராவின் பேனா பாதியில் நின்றுவிட்டது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு எல்லாரும் கரைக்குப் போனார்கள். தயாளன் அந்தப் பட்டறை, இந்தக் கொட்டகை என்று மேலே கைநீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஷஹீதா தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு திடீரென்று முன்னால் வந்தாள்.

"எழுதிக்கம்மா. எங்க கடை எண்ணெயும் இதுலதான் இருக்கு."

"ஏய், சும்மா இருடி!" ரமணி பதறினாள்.

"எத்தன வருஷம் சும்மா இருக்கிறது? உள்ளத காட்டணும்னு நீதானே சொன்னே? அண்ணன் மூச்சு இழுக்கிறப்பல்லாம் நான் செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து அழுவேன். உனக்குத் தெரியாது. தொட்டி கட்ட எங்க ஆளுக்கு வசதி இல்லம்மா. கட்டிக் குடுத்தா, அதக் கழுவி வெக்கிறது என் பொறுப்பு."

ரமணி அவளைக் கட்டிக்கொண்டாள். எந்த ஆறு இவர்களைப் பிரித்திருக்கலாமோ அந்த ஆற்றின் கரையிலேயே, அந்த நாற்றத்திலேயே, இரண்டு பேரும் விம்மி விம்மி அழுதார்கள்.

மானியம் கிடைத்தது. முதல் தொட்டி மீரா சாகிப் கடைக்குப் பின்னால் என்று முடிவானது. செய்தி கேட்டதும் கோகுலன் வேலை இடத்திலிருந்து நேரே வந்தான். யாரும் சொல்லாமலே பெட்டிகளைத் திறந்து அம்மாவின் சேலைகளைப் பீரோவில் அடுக்கத் தொடங்கினான்.

"நீங்கதான் ஜெயிச்சீங்கம்மா. இனி நான் கூப்பிட மாட்டேன்."

"ஏன் தம்பி, எஞ்சட்டையையும் எடுத்து வெக்கிற? அது பெட்டியிலேயே இருக்கட்டும்," என்றார் அய்யாக்கண்ணு.

ரமணி திரும்பிப் பார்த்தாள்.

"தொட்டி கட்டி, நாணல் வேர் பிடிச்சி, ஆறு தெளியறதுக்கு ஒன்றர வருஷம் ஆவும்னு அந்தப் புள்ள சொல்லிச்சில்ல? அதுவரைக்கும் இந்த நெஞ்சு தாங்காது ரமணி. நான் தம்பி வீட்டுல இருக்கேன். நீ இங்க இரு. ஆள் பக்கத்துல இல்லேன்னா வேலை நிக்கும். உனக்குத் தெரியும்."

"உங்கள விட்டுட்டா? என்னால முடியாதுங்க! ஆறும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

"அடி பைத்தியமே, கல்யாணத்துக்கு முந்தி நாம என்ன ஒரே வீட்டுலயா இருந்தோம்? ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழமதான பாத்துக்கிட்டோம்? அப்படி நெனச்சுக்க. ஞாயித்துக்கிழம வா. நான் காத்திருக்கேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது வாரநாட்களில் ரமணியை ஆற்றில்தான் பார்க்க வேண்டும். முழங்கால் வரை சப்பாத்து, கையில் உறை. நாணல் நாற்றுகளை நடுகிறாள், தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சாயம் போட்டுப் பார்க்கிறாள், மேலே போய்ப் பட்டறைக்காரர்களோடு சண்டை போட்டுவிட்டு வருகிறாள். ஞாயிறு காலையில் மட்டும் வேறு ரமணி. ஊதா நிறச் சேலை, தலையில் மல்லிகை. ஷஹீதா படியிலிருந்து கூப்பிடுவாள்.

"என்னடி, புருஷனப் பாக்கப் போறியா, பொண்ணு பாக்க வர்றவங்க முன்னால நிக்கப் போறியா?"

"வயித்தெரிச்சல் புடிச்சவளே, உன் தொட்டியப் போய் கழுவு!"

பாயான் பாரு பஸ் நிறுத்தத்தில் அவர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய நரைத்த தலை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"ஆறு எப்படி இருக்கு?"

"மத்தியானத்துல இன்னும் நாறுதுங்க. காலையில பரவால்ல."

"மூச்சு எப்படி இருக்குன்னு நீ கேக்கலயே?"

"அதான் தெரியுதே, பேச்சுலயே."

வீடு நாலு அடி தள்ளித்தான். ஆனால் இருவரும் எழுந்திருப்பதில்லை. பஸ்கள் வந்து நிற்கின்றன, போகின்றன. "இவன் பிரேக் போடறதப் பாரு, உள்ள இருக்கிற கெழவிங்க என்னாவறது?" என்று அய்யாக்கண்ணு குறை சொல்கிறார். வாசலிலிருந்து கோகுலன் சோறு ஆறுகிறது என்று கூப்பிடுகிறான். இதோ வந்துட்டோம் என்கிறாள் ரமணி, அவர் தோளில் ஒட்டியிருந்த ஒரு மல்லிகை இதழைத் தட்டிவிடாமல் அப்படியே விட்டபடி. அடுத்த பஸ் திருப்பத்தில் தெரிகிறது.